கப்பல் ஏன் மாமல்லபுரத்தில் நிற்பதில்லை?

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்திற்குச் செல்லும் பேருந்தில் நீங்கள் என்றேனும் பயணம் செய்திருக்கக்கூடும். சுமார் 30 கிலோமீட்டர் தொலைவு. திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதும் காற்றில் உப்பு மணம் கலந்து வரும். ஊருக்குள் இறங்கினால், சில நாட்களில் குளிர்வசதிப் பேருந்துகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். அவற்றிலிருந்து வெளிநாட்டுப் பயணிகள் இறங்கி அர்ச்சுனன் தவத்தையும் ஐந்து இரதங்களையும் பார்த்துவிட்டு, மாலைக்குள் அவசர அவசரமாகத் திரும்பிவிடுவார்கள். சுமார் 60 கிலோமீட்டர் வடக்கே, சென்னைத் துறைமுகத்தில், அவர்களுடைய உல்லாசக் கப்பல் காத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் கல்லூரி மாணவர்களை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். பேருந்துகளின் வரிசையைப் பார்த்த ஒரு மாணவன் கேட்டான்: "ஏன் சார், கடல் இங்கேயேதானே இருக்கிறது? கப்பல் நேராக இங்கே வந்து நிற்கக்கூடாதா?"

எளிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை சொல்ல, இருபதாயிரம் ஆண்டுகள் பின்னோக்கியும், உலகப் படத்தில் நார்வே வரையிலும் நாம் போய்வர வேண்டும். வாருங்கள், போய்வருவோம்.

ஊருக்குள் வரும் கப்பல்

ஐரோப்பாவின் வடமேற்கு மூலையில் உள்ளது நார்வே நாடு. அதன் மேற்குக் கரையை உலகப் படத்தில் பாருங்கள். கந்தல் துணியின் ஓரம்போலக் கிழிந்து கிழிந்து தெரியும். கடல்நீர் மலைகளுக்கிடையே குறுகிய நீண்ட கைகளாக நுழைந்து கிடப்பதே இதற்குக் காரணம். இத்தகைய கடற்கையை ஃபியோர்டு என்கிறார்கள். இது நார்வே மொழிச் சொல்.

இவற்றுள் பெயர் பெற்றது கெய்ராங்கர் ஃபியோர்டு. நீளம் சுமார் 15 கிலோமீட்டர். இருபுறமும் மலைச்சுவர்கள் 1,400 மீட்டர் உயரம் வரை எழுந்து நிற்கின்றன. சுவரிலிருந்து அருவிகள் நேராகக் கடலில் விழுகின்றன. அவற்றுள் ஒன்றுக்கு 'ஏழு சகோதரிகள்' என்று பெயர். நம் மாமல்லபுரத்தை அந்நாளைய ஐரோப்பிய மாலுமிகள் 'ஏழு கோயில்கள்' என்று அழைத்ததை இங்கே நினைவுகூரலாம்.

ஃபியோர்டின் கடைக்கோடியில் கெய்ராங்கர் என்ற சிற்றூர். நிலையாக வாழ்வோர் சில நூறு பேர்தாம். ஆனால் கோடைக்காலத்தில் ஆயிரக்கணக்கான பயணிகளைச் சுமந்த கப்பல்கள், திறந்த கடலிலிருந்து நெடுந்தொலைவு உள்ளே வந்து, இவ்வூரின் முன்னால் நிற்கின்றன. பயணிகள் சிறு படகுகளில் இறங்கிச் சில நிமிடங்களில் கரை சேர்ந்துவிடுகிறார்கள். நீர் குளம்போல் அசையாமல் கிடக்கிறது.

மாமல்லபுரத்துச் சிற்பங்கள் 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. கெய்ராங்கர் ஃபியோர்டு 2005-ல் ஏற்கப்பட்டது. இரண்டும் சிறிய ஊர்கள், இரண்டும் கடலோரம். ஓரிடத்தில் கப்பல் வாசலுக்கே வருகிறது. மற்றோரிடத்தில் 60 கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிடுகிறது. ஏன் இந்த வேறுபாடு?

பனி என்னும் சிற்பி

ஃபியோர்டைச் செதுக்கியது கடல் அன்று, பனிக்கட்டி. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்குமுன் வட ஐரோப்பா முழுவதும் பனிப்பாளத்தால் மூடப்பட்டிருந்தது. பள்ளத்தாக்குகளில் பனிக்கட்டி ஆறுபோல் மெல்ல நகர்ந்தது. பனியாறு என்று அதைச் சொல்கிறோம்.

கட்டியான பொருள் எப்படி நகரும் என்று கேட்பீர்கள். ஒரு சிறு கணக்குப் போடுவோம். பனிக்கட்டியின் அடர்த்தி நீரினுடையதைப்போல் சுமார் பத்தில் ஒன்பது பங்கு. 1,000 மீட்டர் தடிமனுள்ள பனி, தன்கீழ் உள்ள ஒவ்வொரு சதுர மீட்டர் பாறையின்மீதும் சுமார் 900 டன் எடையுடன் அழுத்தும். இவ்வளவு அழுத்தத்தில் பனிக்கட்டி பிசைந்த மாவுபோல் வளைந்து கொடுக்கும். அடியில் சிறிது உருகி வழுக்கவும் செய்யும். அப்போது அதன் அடிப்புறத்தில் உறைந்து கிடக்கும் கற்கள் உளிகளாகின்றன. பல்லவர் காலச் சிற்பி கையால் பிடித்த உளி சில ஆண்டுகளில் ஒரு குகையைக் குடைந்தது. பனியாறு பிடித்த உளிகள் பல்லாயிரம் ஆண்டுகள் ஓயாமல் உழைத்தன.

ஆறும் பள்ளத்தாக்கைக் குடையும். ஆனால் ஆற்றுக்கு ஓர் எல்லை உண்டு. கடல்மட்டத்தை அடைந்ததும் அதன் வேகம் அடங்கிவிடும். அதற்குக் கீழே அது ஆழமாகக் குடைவதில்லை. பனியாறு அப்படியன்று. ஆர்க்கிமிடீஸ் விதியை நினைவுகூருங்கள். 1,000 மீட்டர் தடிமனுள்ள பனி கடலில் மிதக்க வேண்டுமானால், நீரின் ஆழம் சுமார் 900 மீட்டர் இருக்க வேண்டும். அதுவரை அது தரையில் அழுந்திக்கொண்டே, தரையைத் தேய்த்துக்கொண்டே செல்லும். ஆகவேதான் ஃபியோர்டுகளின் அடி, கடல்மட்டத்திற்கு வெகு கீழே போய்விட்டது. நார்வேயிலுள்ள சோக்ன ஃபியோர்டின் ஆழம் 1,300 மீட்டரை எட்டுகிறது!

வாய்ப்பகுதியில் மட்டும் ஃபியோர்டு ஆழம் குறைந்திருக்கும். அங்கே பனி பரவி, மெலிந்து, மிதக்கத் தொடங்கி, செதுக்கும் ஆற்றலை இழந்தது. சுமந்துவந்த கல்லையும் மண்ணையும் அங்கேயே கொட்டியது. இதனால் நீருக்கடியில் ஒரு வாசற்படி அமைந்தது. நம் முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் மணல்திட்டு ஒன்று வாயை அடைத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோற்றத்தில் இது அதற்கு உறவு. நம்முடையது அலைகள் கொண்டுவந்து வைத்த மணற்படி. மழைவெள்ளம் வந்தால் உடைந்துவிடும். அங்கே உள்ளது பாறையும் பனி கொட்டிய கல்லும் சேர்ந்த படி, அசையாது.

பனியாறு பெரும் பாறைகளையும் தூக்கிச் சென்று, உருகியபின் எங்கோ போட்டுவிட்டுப் போகும். வட ஐரோப்பாவில் அத்தகைய பாறைகள் ஏராளம். ஆகவே அந்நாட்டுப் பயணி ஒருவர் நம் 'கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து' முன் நின்று, "இதைப் பனியாறு கொண்டுவந்ததா?" என்று கேட்டால் வியப்பில்லை. இல்லை என்பதே விடை. சுமார் 250 டன் எடையுள்ள அப்பாறை எங்கிருந்தும் வரவில்லை. வெப்பமும் மழையும் பாறையின் விரிசல்கள் வழியே நுழைந்து, மூலைகளைத் தின்று, நடுவிலிருந்த உறுதியான பகுதியை உருண்டையாக விட்டுவைத்தன. நம் சிற்பி பனியன்று, வெயிலும் மழையும்தாம்.

ஒரே கடல், இரு கரைகள்

பனிப்பாளங்களில் அடைபட்டிருந்த நீர் முழுவதும் கடலிலிருந்து போனதுதானே? எனவே அந்நாளில் உலகெங்கும் கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது நீங்கள் மாமல்லபுரத்தில் நின்றிருந்தால் கடலைக் கண்டிருக்கமாட்டீர்கள். கரை பல கிலோமீட்டர் கிழக்கே இருந்தது.

பின்னர்ப் பனி உருகியது, கடல் ஏறியது. நார்வேயில் ஏறிய கடல், பனியாறுகள் குடைந்துவைத்த ஆழமான பள்ளங்களுக்குள் புகுந்தது. அவையே ஃபியோர்டுகள். இங்கே ஏறிய அதே கடல், சரிவு மிகக் குறைந்த சமவெளியின்மேல் மெல்லப் பரவியது. பாலாறு போன்ற ஆறுகள் கொண்டுவந்த மணலை அலைகள் வாரி வாரிக் கரையோரம் பரப்பின. ஆகவே நமக்குக் கிடைத்தது ஆழமற்ற, மணற்பாங்கான, நேர்க்கோடு போன்ற கரை.

'கடலுள் மூழ்கிய கோயில்கள்' பற்றிய கதையையும் இங்கே சிறிது பார்க்க வேண்டும். 2002-ல் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் இங்கிலாந்துக் குழு ஒன்றும் மாமல்லபுரக் கடலில் மூழ்கிப் பார்த்தபோது, கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், கட்டுமான எச்சங்கள் தென்பட்டன. இவற்றைப் பனியுகக் கடல்பெருக்கு மூழ்கடித்ததாகச் சொல்ல முடியாது. அந்தப் பெரும் பெருக்கு ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்பே பெரும்பாலும் அடங்கிவிட்டது. பல்லவர் காலமோ 1,300 ஆண்டுகளுக்கு முந்தியது. ஆராய்ந்தவர்கள் முதன்மையாகக் காட்டிய காரணம் கடலரிப்பு. அதாவது கடல் உயர்ந்ததைவிட, கரை கரைந்ததே மிகுதி. இந்தச் செய்தியை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

நீரின் ஆழமும் அலையின் பலமும்

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். பெரிய உல்லாசக் கப்பல் ஒன்றின் அடிப்பகுதி நீருக்குள் சுமார் 8 மீட்டர் அமிழ்ந்திருக்கும். அலையில் கப்பல் மேலும் கீழும் ஆடும். அதற்காக இன்னும் 3 மீட்டராவது வேண்டும். ஆக 11 மீட்டர். மாமல்லபுரத்தில் 700 மீட்டர் போனால் 8 மீட்டர் ஆழம் என்று பார்த்தோம். இதே சரிவு தொடர்வதாகக் கொண்டால், 11 மீட்டருக்குச் சுமார் 1 கிலோமீட்டர் போக வேண்டும். கெய்ராங்கரிலோ மலைச்சுவர் அப்படியே நீருக்குள் இறங்குகிறது. கரைக்கு அருகிலேயே வேண்டிய ஆழம் கிடைத்துவிடுகிறது.

"ஒரு கிலோமீட்டர்தானே? சிறு படகில் வந்துவிடலாமே!" என்பீர்கள். இங்கேதான் அலை குறுக்கிடுகிறது. அலையின் பெருமை மூன்றைப் பொறுத்தது: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி நீர்மேல் அது ஓடும் தொலைவு. வங்காள விரிகுடாவில் காற்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தடையின்றி ஓடிவருகிறது. ஃபியோர்டில் மலைகள் சூழ, வளைந்து வளைந்து செல்லும் குறுகிய நீர்ப்பரப்பில், அலை வளர இடமேது?

மேலும், கரையை நெருங்கும் அலையின் அடிப்பகுதி தரையில் உராய்வதுபோல் வேகம் குறைகிறது. அலை உயர்ந்து எழுகிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்காகக் குறையும்போது அது உடைந்து விழுகிறது. 1 மீட்டர் அலை, 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த உடையும் வரிசையைக் கடப்பதுதான் கடினம்.

துறைமுகம் கட்டப்படுமுன் சென்னைக்கு வந்த பயணிகள் இதை நன்கறிவார்கள். கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளை மசூலாப் படகுகள் கரை சேர்க்கும். அப்படகின் பலகைகள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல, தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை தரையில் மோதினால் ஆணியடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகோ சிறிது நெளிந்து கொடுத்து, மோதலின் தாக்குதலைச் சற்று நீண்ட நேரத்தில் பகிர்ந்துவிடும். நேரம் கூடினால் விசை குறையும் என்பது நீங்கள் படித்த இயற்பியல்தான். ஏட்டில் படிக்காமலே நம் படகோட்டிகள் அதைக் கையாண்டார்கள்.

அப்படியானால் பல்லவர் காலத்தில் இங்கே துறைமுகம் இருந்தது எப்படி? கடல்மல்லையில் பொருள் நிறைந்த கலங்கள் நின்றதைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறாரே! அந்நாளைய மரக்கலங்கள் இன்றைய கப்பல்களைவிட மிகச் சிறியவை. அவ்வளவு ஆழம் அவற்றுக்கு வேண்டியதில்லை. ஊர் மாறவில்லை, கப்பல்தான் பெரிதாகிவிட்டது.

சுவர் எழுப்பினால் என்ன?

இவ்வளவும் சொன்னபின் மாணவர்கள் கேட்ட அடுத்த கேள்வி: "கடலுக்குள் சுவர் எழுப்பி ஒரு துறைமுகம் கட்டிவிட்டால்?" கட்டலாம். ஆனால் அதற்கான விலையைச் சென்னை ஏற்கெனவே கொடுத்திருக்கிறது.

நம் கரையில் அலைகள் நேராக வந்து மோதுவதில்லை. சற்றுச் சாய்வாக வருகின்றன. சாய்வாக ஏறும் நீர் மணலைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. திரும்பி இறங்கும் நீர் நேராகக் கீழே இழுக்கிறது. இவ்வாறு மணல் பல்வரிசைபோல் நகர்ந்து நகர்ந்து கரையோரமாகவே பயணம் செய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கே போகும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே திரும்பும். நம் மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் பெயரிட்டு அழைக்கிறார்கள். ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், வடக்கே போகும் மணலே மிகுதி.

சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் 1870-களின் பிற்பகுதியில் கடலுக்குள் நீளத் தொடங்கின. 1881 நவம்பரில் வந்த புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். சுவர் மணலின் வழியை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் மணல்வரத்து குறைந்து, கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. அங்கே கற்களைக் கொட்டிக் கரையைக் காக்க வேண்டியதாயிற்று. நாம் மாலையில் உலாவி மகிழும் மெரினாவின் மணலில் ஒரு பகுதி, வடசென்னை மீனவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய மணல் என்று சொன்னால் தவறில்லை.

ஃபியோர்டில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. பாறைக்கரை, நகர்வதற்கு அவ்வளவு மணல் இல்லை. அங்கே ஒரு மிதவைப் பாலம் போட்டால் யார் கரையும் கரையாது. இங்கே ஒரு சுவர் போட்டால் பக்கத்து ஊர் கரையும். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைக் காக்கவே பெருங்கற்களை அரணாகக் கொட்டியிருக்கிறார்கள். கோயிலைக் காப்பது கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு கல்லையும் கடலில் போடுமுன், மணல் எங்கே போகும் என்ற கணக்கையும் போட வேண்டும்.

அமைதியான நீர் பாதுகாப்பானதா?

இவற்றைக் கேட்டு, ஃபியோர்டு ஊரே பாக்கியம் செய்தது என்று எண்ணிவிடாதீர்கள். 1934 ஏப்ரலில் கெய்ராங்கருக்கு அருகிலுள்ள தாஃபியோர்டில் மலைச்சரிவொன்று பெயர்ந்து நீரில் விழுந்தது. எழுந்த அலை, விழுந்த இடத்தருகே 60 மீட்டருக்கும் மேல் ஏறியது. 40 பேர் மாண்டனர். கெய்ராங்கருக்குச் செல்லும் வழியிலுள்ள ஓக்னேசெட் மலைச்சரிவிலும் விரிசல் கண்டு, கருவிகள் பொருத்தி, அதை இரவும் பகலும் கண்காணித்து வருகிறார்கள்.

நீண்ட அலையின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி, வர்க்கமூலம் காணுங்கள். கெய்ராங்கர் ஃபியோர்டின் பெரும ஆழம் சுமார் 260 மீட்டர். அங்கே வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். ஓக்னேசெட் சரிந்தால் கெய்ராங்கருக்குச் சுமார் பத்து நிமிடத்தில் அலை வந்துவிடும்.

2004 டிசம்பர் 26 அன்று நம் கரைக்கு வந்த சுனாமிக்கும் இதே சூத்திரந்தான். 3,000 மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். 5 மீட்டர் ஆழத்திற்கு வரும்போது மணிக்கு 25 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். பின்னால் வரும் நீர் முன்னால் உள்ளதை நெருக்க, அலை உயர்கிறது. அன்று கடல் பின்வாங்கியபோது நீரடிப் பாறைகள் வெளிப்பட்டதை மாமல்லபுரத்தில் பலர் கண்டனர். அடுத்த ஆண்டு அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில், அலை வெளிப்படுத்திய கல்வெட்டைத் துப்பாகக் கொண்டு, தொல்லியல் துறையினர் மண்ணுள் புதைந்த முருகன் கோயிலை அகழ்ந்தெடுத்தனர்.

நிலநடுக்கத்திற்கும் அலை நம் கரையை அடைந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருந்தது. இருந்தும் நமக்கு எச்சரிக்கை வரவில்லை. 2007-ல்தான் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. பத்து நிமிடத்திற்காக அவர்கள் மலையைக் கண்காணிக்கிறார்கள். இரண்டரை மணி நேரம் கிடைத்தும் அன்று நாம் அதைப் பயன்படுத்த முடியாமற் போயிற்று. இயற்கை தரும் அவகாசத்தை அறிவுதான் பாதுகாப்பாக மாற்றுகிறது.

நீங்களே அளக்கலாம்

அடுத்தமுறை மாமல்லபுரம் செல்லும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். நீரில் இறங்க வேண்டாம். இங்கே நீரோட்டம் பொல்லாதது. கரையிலேயே நின்று, அலைகள் முதன்முதல் உடையும் வரிசையைக் கவனியுங்கள். மீன்பிடிப் படகு ஒன்று அதன் அருகே இருந்தால், அதனுடன் ஒப்பிட்டு அலையின் உயரத்தை மதிப்பிடுங்கள். அதை 1.3-ஆல் பெருக்குங்கள். அந்த இடத்தில் கடலின் ஆழம் ஏறக்குறைய அதுவே. கயிறுமின்றிக் கப்பலுமின்றிக் கடலின் ஆழத்தை அளந்துவிட்டீர்கள்!

எங்கள் குழுவில் கடலோரக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த மாணவன் ஒருவன் இருந்தான். எல்லாரும் துறைமுகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் அவன் மட்டும் பேசவில்லை. திரும்பும்போது மெல்லச் சொன்னான்: "கப்பல் நிற்க இடம் இல்லை என்கிறீர்கள், சார். எங்கள் படகு நிற்க இந்த மணல்தான் இடம். மணல் போனால் படகை எங்கே ஏற்றுவது? வலையை எங்கே உலர்த்துவது?"

அவன் கேள்விக்கு என்னிடம் சூத்திரம் இல்லை. ஆனால் ஒன்று தெளிவு. கப்பல் வந்து நிற்காதது மாமல்லபுரத்தின் குறையன்று. பயணிகள் 60 கிலோமீட்டர் பேருந்தில் வரட்டும். பனி செதுக்கிய கரைக்கு ஆழம் செல்வம். அலை பரப்பிய நம் கரைக்கு மணலே செல்வம். அச்செல்வம் நகர்ந்துகொண்டே இருப்பது. அதை நகரவிடுவதுதான் அதைக் காப்பது.